சங்கீதத்துக்குள் சங்கீதம்: பாப் இசைத்தட்டுகளில் வேதத்தைக் கேட்பது

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டேப்ரெக்கார்டரைத் தொடக் கூடாது. தொட்டால் கீர்த்தனை கேசட் மட்டும்தான். இந்தச் சட்டத்தில் அப்பா ஒரே ஒரு ஓட்டை விட்டு வைத்திருந்தார்: போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் கேசட். அதில் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ இருந்தது. “137-ஆம் சங்கீதம்டா அது, அப்படியே வசனம்” என்பார். அதே கேசட்டில் ‘ரஸ்புடின்’ என்று ஒரு பாட்டு இருந்ததும், ரஷ்ய ராணிக்கும் அந்தச் சாமியாருக்கும் என்ன தொடர்பு என்று அது விலாவாரியாகச் சொல்வதும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அப்பா செய்ததற்கு இன்று கொஞ்சம் பெரிய பெயர்களெல்லாம் உண்டு. இறையியல் கல்லூரிகளில் பாடமாகவே எடுக்கிறார்கள். விஷயம் எளிமையானதுதான்: சபைக்காக எழுதப்படாத, காசு கொடுத்து எல்லோரும் வாங்கிக் கேட்கிற ஒரு ரெக்கார்டில் கிறிஸ்தவ விசுவாசத்தோடு பேசுகிற ஏதோ ஒன்று காதில் விழுகிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது, பாட்டிலேயே இருக்கிறதா அல்லது நாம் கொண்டுபோய் வைத்ததா என்று நிதானமாகப் பார்ப்பது. நமக்கு இதில் ஒரு வசதி. தமிழ் வேதாகமத்தில் தாவீதின் பாடல்களுக்குப் பெயரே சங்கீதம். கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்பார்கள். இசைக்கும் அதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற நம் ஊரில் இந்த யோசனை அப்படியொன்றும் புதிதாகத் தெரியக் கூடாது.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். இது ரகசியச் செய்தி தேடுகிற வேலை கிடையாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராக் ரெக்கார்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றிச் சாத்தானுக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது ஒரு பெரிய தொழிலாகவே நடந்தது, போதகர்கள் மேடையில் போட்டுக் காட்டினார்கள், ரெக்கார்டுகளை எரித்தார்கள். பின்னோக்கி ஓட்டினால் எந்தப் பாட்டிலும் எதையும் கேட்கலாம், முன்கூட்டியே ‘இதுதான் கேட்கும்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். இயேசுவைத் தேடுகிறவர்களும் அதே குழியில் விழுவார்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, எளிதான இடத்திலிருந்து ஆரம்பிப்போம். சில பாட்டுகளில் வசனம் அப்படியே உட்கார்ந்திருக்கும். 1965 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாட்டு ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’, பாடியது தி பேர்ட்ஸ் என்ற ராக் குழு. சொற்கள் பிரசங்கி 3-ஆம் அதிகாரம். “ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு” என்று நாம் கல்யாணத்திலும் துக்கவீட்டிலும் கேட்கிற அதே பகுதிதான். மெட்டமைத்த பீட் சீகர் ஒரு நாட்டுப்புறப் பாடகர், போர் எதிர்ப்பாளர். அவர் சொந்தமாகச் சேர்த்தது மிகக் கொஞ்சம்: அந்தத் தலைப்புச் சொல், கடைசியில் சமாதானத்துக்கு இன்னும் நேரம் கடந்துவிடவில்லை என்ற பொருளில் ஒரு வரி. பிரசங்கியில் யுத்தத்துக்கும் காலமுண்டு, சமாதானத்துக்கும் காலமுண்டு, இரண்டும் சமமாக நிற்கும். சீகர் சமாதானத்தின் பக்கம் தராசைச் சாய்த்துவிட்டார். பாட்டு அங்கே வசனத்துக்கு வியாக்கியானமாக மாறிவிடுகிறது.

இப்போது அப்பாவின் கேசட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் நினைத்ததைவிட அதில் நிறைய இருக்கிறது. போனி எம்மின் பதிவு 1978, பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். ஆனால் பாட்டு அவர்களுடையதல்ல. 1970-இல் ஜமைக்காவில் தி மெலோடியன்ஸ் என்ற குழு பாடியது. அவர்கள் சார்ந்திருந்தது ராஸ்தஃபாரி மரபு. அவர்களுக்குப் பாபிலோன் என்பது பழைய ஏற்பாட்டில் எப்போதோ இருந்த ஒரு நகரம் கிடையாது, தங்கள் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்தில் வேலைவாங்கிய அதிகாரம் முழுவதும் பாபிலோன்தான். சங்கீதத்தில் நினைத்து அழுகிற சீயோன் அவர்களுக்கு ஆப்பிரிக்கா. “கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?” என்ற கேள்வியை அடிமைகளின் வம்சத்தில் வந்தவர்கள் பாடும்போது அது என்ன கனம் கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பி வேறு தேசத்தில் வேர் பிடிக்க நேர்ந்த ஈழத்தமிழருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

மெலோடியன்ஸ் அந்த வரியில் கர்த்தருக்குப் பதிலாகத் தங்கள் மரபில் இறைவனாகப் போற்றப்படும் எத்தியோப்பியச் சக்கரவர்த்தியைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். போனி எம் அதை எடுத்துவிட்டுப் பழையபடி கர்த்தரைக் கொண்டுவந்தது. அப்பா கேட்டு மகிழ்ந்த ‘அப்படியே வசனம்’ இரண்டு கை மாறி, சொல் மாறி, திரும்பச் சொல் மாறி வந்து சேர்ந்தது. இரண்டு பதிவிலும் இல்லாத ஒன்றும் உண்டு. 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைப் படித்திருக்கிறீர்களா? பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று முடியும். டிஸ்கோவில் மட்டுமில்லை, எந்த ஆராதனையிலும் நான் அதைப் பாடிக் கேட்டதில்லை. ஒரு பாட்டு வசனத்திலிருந்து எதை எடுத்தது என்று பார்க்கிற அளவுக்கு எதை விட்டது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த வகை கொஞ்சம் நுணுக்கம். வசனம் இருக்காது, ஆனால் பாட்டின் குரலே கோயிலிலிருந்து வந்திருக்கும். அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் காஸ்பல் பாட்டும் அவர்களுடைய காதல் பாட்டும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு, போக்குவரத்து ஓயாது. ரே சார்ல்ஸ் 1954-இல் ஒரு காஸ்பல் பாட்டின் மெட்டை எடுத்து இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார், ‘ஐ காட் எ உமன்’ வந்தது, சபைகளில் பலருக்குக் கோபமும் வந்தது. நமக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கண்ணனைக் காதலனாக்கிப் பாடிய ஆண்டாளும், கண்ணனையே காதலனாகவும் காதலியாகவும் சேவகனாகவும் மாற்றி மாற்றிப் பாடிய பாரதியும் நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறத்தி வந்து குறி சொல்கிற குறவஞ்சியை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறவஞ்சி அன்றைக்கு மக்கள் கூடி ரசித்த ஆட்டம் பாட்டம்தான்.

எதிர்த்திசைப் போக்குவரத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் அரீத்தா ஃபிராங்க்ளின். போதகரின் மகள். பாப் உலகத்தின் உச்சியில் இருந்தபோது 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாப்டிஸ்ட் கோயிலுக்குள் போய், பாடகர் குழுவோடும் சபையாரோடும் இரண்டு இரவுகள் பாடி ‘அமேசிங் கிரேஸ்’ என்ற இரட்டை எல்.பி.யைப் பதிவு செய்தார். அதில் ஒரு இடம். அதற்கு முந்தைய வருடம் வெளியான கரோல் கிங்கின் நட்புப் பாட்டு, ‘உனக்கு ஒரு நண்பன் இருக்கிறான்’ என்பது அதன் பொருள், அதை எடுத்து ‘ப்ரெஷஸ் லார்ட்’ என்ற பழைய காஸ்பல் பாட்டோடு பின்னிவிடுகிறார். அந்தப் பழைய பாட்டை எழுதியவர் தாமஸ் டார்சி. 1932-இல் மனைவி பிரசவத்தில் இறந்து, குழந்தையும் இறந்த பிறகு எழுதியது. அந்தப் பாட்டின் பக்கத்தில் உட்கார வைத்ததும் ‘நண்பன்’ என்ற சொல்லுக்கு வேறு ஆள் வந்து நிற்கிறார். “பாவ சஞ்சலத்தை நீக்க பிராண நண்பர் தான் உண்டே” என்று பாடி வளர்ந்தவர்களுக்கு அந்த ஆள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அரீத்தா இறையியல் உரை எதுவும் ஆற்றவில்லை, பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேட ஆரம்பித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் எல்லாப் பாட்டிலும் இயேசு தெரிவார். பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ பாட்டில் மதர் மேரி வருகிறார் இல்லையா? வேளாங்கண்ணி மாதா என்று நினைத்தே பல பேர் கேட்கிறார்கள். உண்மையில் பால் மெக்கார்ட்னியின் அம்மா பெயர் மேரி. அவருக்கு 14 வயது இருக்கும்போது புற்றுநோயில் இறந்துபோன அம்மா, பிறகு ஒரு நெருக்கடியான காலத்தில் கனவில் வந்து ஆறுதல் சொன்னதைத்தான் அவர் பாட்டாக்கினார். அப்போ மாதா என்று கேட்டவர்கள் ஏமாந்தவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதனுக்கு மரியாள் சொல்லும் பதில், “உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது”. ஆங்கில வேதாகமப் பதிப்புகள் சிலவற்றில் அந்த ‘ஆகக்கடவது’ இருக்கும் இடத்தில் ‘லெட் இட் பி’ என்ற அதே மூன்று சொற்கள்தான் நிற்கின்றன. மெக்கார்ட்னி அதை நினைத்து எழுதினார் என்று சொன்னால் புளுகு. ‘எனக்கு அதைக் கேட்கும்போது அந்த வசனம் ஞாபகம் வருகிறது’ என்று சொன்னால் சாட்சி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் காப்பாற்றினால் போதும், இந்தக் கலையில் பாதி கற்றாயிற்று.

‘அல்லேலூயா’ கதை இதைவிட வேடிக்கை. லெனார்ட் கோஹன் 1984-இல் பாடியது, முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அவருடைய கம்பெனி அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்தது. பிறகு ஜான் கேல், ஜெஃப் பக்லி என்று ஒவ்வொருவராகப் பாடி, ‘ஷ்ரெக்’ படத்தில் வந்து, இப்போது கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியிலும் கல்யாணத்திலும் பாடுகிறார்கள். சொற்களைக் கவனித்தால் மணமகன் வேர்த்துப்போவார். தாவீது மொட்டைமாடியிலிருந்து குளிக்கும் பத்சேபாளைப் பார்த்த கதையும், சிம்சோனின் தலைமயிரைத் தெலீலாள் கத்தரித்த கதையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கோஹன் யூதர். அவருக்கு அல்லேலூயா என்பது ஜெயித்தவன் மட்டும் சொல்கிற சொல்லாக இல்லை, எல்லாம் நொறுங்கிக் கிடக்கிறவனும் சொல்லலாம் என்கிறார். கோரஸ் மட்டும் பிடித்திருக்கிறது என்று கிறிஸ்துமஸ் சொற்களைப் போட்டுப் பாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பத்சேபாள் விஷயத்தில் மனம் நொறுங்கித் தாவீது பாடிய 51-ஆம் சங்கீதத்துக்கு மிக நெருக்கமாக நின்ற பாட்டை அவர்கள் சுத்தம் செய்து வெறும் அலங்காரமாக்கிவிடுகிறார்கள்.

இனி ஒரே ஒரு ரெக்கார்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், 2002, ‘அமெரிக்கன் IV’ ஆல்பம். கேஷுக்கு அப்போது 70 வயது, உடம்பு தளர்ந்துவிட்டது. இதன் இரண்டாவது பாட்டு ‘ஹர்ட்’. எழுதியவர் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர், 1994-இல், போதை ஊசியும் தன்வெறுப்புமாக. கேஷ் அதில் ஒரு சொல்லை மாற்றினார். மூலத்தில் தன் தலையில் இருக்கும் கிரீடத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை. கேஷ் அதை முள் கிரீடம் ஆக்கினார். வானொலிக்காகச் சுத்தம் செய்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவைப் பாருங்கள். விருந்து பரப்பிய மேசையில் கேஷ் உட்கார்ந்திருக்கிறார், நடுங்கும் கையால் திராட்சரசத்தை மேசைமேலேயே கவிழ்க்கிறார். இடையிடையே இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சிகள், 1970களில் கேஷே எடுத்த இயேசு படத்திலிருந்து எடுத்தவை. மனைவி ஜூன் படிக்கட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் கேஷ் பியானோவை மூடுகிறார், மூடிய பலகையை விரலால் தடவுகிறார், முடிந்தது. 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ். இந்தப் பாட்டு இனி தன்னுடையதில்லை என்ற பொருளில் ரெஸ்னரே பிறகு சொன்னார்.

இங்கேதான் தனிப்பாட்டாக யூடியூபில் கேட்பதற்கும் ரெக்கார்டாகக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. ‘ஹர்ட்’டுக்கு முன்னால் இருக்கிற முதல் பாட்டை, கேஷே எழுதியதை, கேளுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துத் தொடங்கி, அதையே வாசித்து முடிகிறது. நடுவில் விளக்கோடு காத்திருக்கும் கன்னிகைகள் வருகிறார்கள், தமஸ்கு சாலையில் சவுல் கேட்ட அந்த வார்த்தை வருகிறது. நியாயத்தீர்ப்பு முதலில், அது முடிந்து சில விநாடியில் தன் வாழ்க்கையைக் குப்பை என்று சொல்கிற ஒரு கிழவரின் குரல். இந்த வரிசையில் கேட்டால் இரண்டாவது பாட்டு பாவசங்கீர்த்தனம் மாதிரி கேட்கும். தனியாகக் கேட்டால் வெறும் சோகப்பாட்டு.

இதில் எனக்குக் கிடைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சவுலுக்குச் சொன்ன வார்த்தை நம் வேதாகமத்தில் “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்”. முதல் பாட்டில் முள், இரண்டாவதில் முள் கிரீடம்! உதைத்துக்கொண்டிருந்த முள்ளே கடைசியில் தலையில் ஏறிவிட்டது என்று நான் ஒரு நாள் முழுக்க இதிலேயே கிடந்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொல், அங்கே உதைப்பது மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை. கேஷ் இப்படி நினைத்திருக்க வழியே இல்லை, இது தமிழ் வேதாகமம் எனக்குக் கொடுத்த இனாம். வைத்துக்கொள்கிறேன், ஆனால் கேஷின் கணக்கில் எழுத மாட்டேன்.

வார்த்தையே இல்லாத ரெக்கார்டில் என்ன செய்வது? ஜாஸ் கேட்டுப் பழக்கம் இல்லாதவர்களும் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ கேட்டுப் பார்க்கலாம். 1964 டிசம்பர் 9, ஒரே நாளில் பதிவு செய்தது. இரண்டு தாத்தாக்களும் மெத்தடிஸ்ட் போதகர்கள். ஹெராயினிலிருந்து மீண்டவர். 1957-இல் கடவுளின் அருளால் கிடைத்த ஆன்மிக விழிப்பைப் பற்றியும், இந்த ஆல்பம் அவருக்கு நன்றிக் காணிக்கை என்றும் உறையிலேயே எழுதியிருக்கிறார், கூடவே ஒரு ஜெபக் கவிதையும் அச்சிட்டிருக்கிறார். நாலாவது பகுதிக்குப் பெயர் ‘சாம்’, அதாவது நம்முடைய சங்கீதம். அதில் அவர் சாக்ஸபோனில் வாசிப்பது அந்தக் கவிதையைத்தான், அசைக்கு அசை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரி வரியாகப் பின்தொடரலாம். நாதஸ்வரத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்யம் தெரிந்த பெரியவர் உதட்டை அசைத்துக்கொண்டே கேட்பார் பாருங்கள், அதே காரியம். கோல்ட்ரேனைக் கிறிஸ்தவர் என்று மட்டும் முத்திரை குத்த முடியாது, கீழை மதங்களையும் ஆழமாகப் படித்தவர். ஆனாலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் பெயரால் ஒரு கோயிலே இருக்கிறது, ஆராதனையில் அவர் இசையை வாசிக்கிறார்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்கள்: பாடகர் விசுவாசியா இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம். பாப் டிலன் 1979-இல் மனம் திரும்பி ‘ஸ்லோ ட்ரெயின் கமிங்’ வெளியிட்டார், கொஞ்ச காலம் மேடையில் பழைய பாட்டு எதையும் பாட மறுத்து ரசிகர்களிடம் வசை வாங்கினார். அதில் நல்ல பாட்டுகள் உண்டு, விரலை நீட்டிப் பிரசங்கம் செய்கிற பாட்டுகளும் உண்டு. விசுவாசம் உறுதியானால் பாட்டு உறுதியாகும் என்று ஒன்றும் இல்லை. என் காதுக்கு, சந்தேகத்தையும் ஏக்கத்தையும் மறைக்காத பாட்டுகள்தான் சங்கீதப் புத்தகத்துக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் துதியைப் போலவே புலம்பலும் நிறைய. 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல், அறிமுகமானவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடியும்.

எங்கே தொடங்கலாம் என்றால் நான் யு2 குழுவின் ‘வார்’ ஆல்பத்தைச் சொல்வேன், 1983. இந்த ஐரிஷ் இளைஞர்கள் நாலு பேரில் மூன்று பேர் டப்ளினில் ஒரு ஜெபக்குழுவில் இருந்தவர்கள், ராக் பாடுவதும் விசுவாசமும் ஒத்துப்போகுமா என்று குழம்பி இசையையே விட்டுவிடப் பார்த்தவர்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயர் வெறும் எண்: ‘40’. ஸ்டுடியோ நேரம் முடியப்போகிற அவசரத்தில் வேதாகமத்தைத் திறந்து 40-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாடியது. முதலில் அந்தச் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள், “உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து” என்று வருமே, அதுதான். பிறகு பாட்டைப் போடுங்கள். கோரஸ் வரும்போது கவனித்தால் ஒன்று இடறும், அது 40-ஆம் சங்கீதத்தில் இல்லவே இல்லை. ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அது 6-ஆம் சங்கீதத்தின் கேள்வி. குழியிலிருந்து தூக்கிவிட்டார் என்று நன்றி சொல்கிற பாட்டுக்குள், இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிற பாட்டைச் சொருகியிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் கச்சேரியை இந்தப் பாட்டோடுதான் முடிப்பார்கள். பாடகர் போனோ முதலில் மேடையை விட்டுப் போவார், பிறகு ஒவ்வொருவராகக் கருவியை வைத்துவிட்டுப் போவார்கள், டிரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், அதுவும் நிற்கும். கூட்டம் நிறுத்தாது. விளக்கு போட்ட பிறகும், வெளியே தெருவுக்கு வந்த பிறகும், ‘எதுவரைக்கும்’ என்று பாடிக்கொண்டே போவார்கள்.